யார் நம் சத்துரு? எது போர்க்களம்?

வேதபாடம்: எபேசியர் 4:25–32, 6:10–20



"பாஸ்டர், வீட்ல ஒரே போராட்டம். சத்துரு ரொம்ப விளையாடுறான். கட்டி ஜெபிங்க!" ஜெபக்குறிப்பு கொடுக்க வருகிற அநேகர் இப்படித்தான் சொல்கிறார்கள். என்ன போராட்டம் என்று விசாரித்தால் அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினையில் சண்டை போட்டு மூன்று வருஷமாகப் பேச்சே இல்லை என்பார்கள். இல்லாவிட்டால், "எங்க நாத்தனார்தான் ஏதோ செஞ்சு வச்சிருக்கா, வாசல்ல எலுமிச்சம்பழம் கிடந்துச்சு" என்பார்கள். பிசாசைக் கடிந்துகொள்ள முழு இரவு ஜெபத்துக்கு ஆயத்தமாய் இருக்கிறார்கள். ஆனால் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, "வா, உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லத்தான் ஒருவரும் ஆயத்தமாய் இல்லை.

பிசாசு உண்டு. இயேசுவின் நாமத்தில் பிசாசுகள் ஓடும் என்பதையும் நாம் சந்தேகமில்லாமல் விசுவாசிக்கிறோம். ஆனாலும் அவன் எங்கே நின்று போராடுகிறான், எந்த வாசல் வழியாக நுழைகிறான் என்று வேதம் சொல்வதைக் கவனிக்காவிட்டால், கிழக்கே வருகிற எதிரிக்கு மேற்கே நின்று பட்டயம் வீசுகிறவர்களாய் இருப்போம்.

1. எபேசு எப்படிப்பட்ட பட்டணம்?

சர்வாயுதவர்க்கத்தைப் பற்றிய உபதேசம் எபேசு சபைக்கு எழுதப்பட்டது. அந்தப் பட்டணத்தில் இருந்த தியானாளின் கோவில் பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்று. மந்திரவாதத்துக்கும் எபேசு பேர்போனது. "எபேசு எழுத்துகள்" என்று சொல்லப்பட்ட மந்திரச் சொற்களைத் தாயத்து மாதிரி எழுதி அணிகிற வழக்கம் அந்நாட்களில் இருந்தது.

அப்போஸ்தலர் 19-ஐ வாசித்துப் பாருங்கள். பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதியஸ்தர் சுகமானார்கள், பொல்லாத ஆவிகள் புறப்பட்டன. விசுவாசித்தவர்களில் அநேகர் வந்து, தாங்கள் மறைவில் செய்தவைகளை அறிக்கையிட்டார்கள். மாயவித்தைப் புஸ்தகங்களை எல்லார் முன்பாகவும் கொளுத்தினார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால், ஒரு மனுஷன் ஒரு நாள் விடாமல் 130 வருஷத்துக்கு மேல் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய தொகை!

இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஜனங்களுக்கு ஆவிக்குரிய யுத்தத்தைப் பற்றி எழுதும்போது பவுல் என்ன எழுதியிருக்க வேண்டும்? எந்தப் பிசாசுக்கு என்ன பெயர், எந்தக் கட்டுக்கு எந்த ஜெபம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பொய்யை விட்டுவிடு, திருடினவன் கையால் உழைக்கட்டும், வாயை அடக்கு, கசப்பை எடுத்துப்போடு, ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்றார். அதன்பின் புருஷன் மனைவிக்கு, பிள்ளைகள் பெற்றோருக்கு, வேலைக்காரர் எஜமான்களுக்குப் புத்தி சொன்னார். இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் 6:10-ல், கடைசியாக, ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிறார். நாமோ முன்னே இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு, ஆறாம் அதிகாரத்தின் பிற்பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

2. சத்துரு யார்? யார் அல்ல?

எபேசியர் 6:12-ஐ நாம் மனப்பாடமாய்ச் சொல்லுவோம். அந்தகார லோகாதிபதிகள், பொல்லாத ஆவிகளின் சேனைகள் என்று வருகிற பகுதியைச் சத்தமாய்ச் சொல்லுவோம். ஆனால் அந்த வசனம் முதலாவது சொல்வது என்ன? இரத்தமும் சதையுமான மனுஷன் நம்முடைய எதிராளி அல்ல என்று சொல்கிறது. நாத்தனார் இரத்தமும் சதையும் உள்ளவள்தானே? பக்கத்து வீட்டுக்காரி, மேலதிகாரி, சீட்டுப் பணத்தை ஏமாற்றினவன் எல்லாரும் அப்படித்தானே? அப்படியானால் அவர்கள் நம் சத்துருக்கள் அல்ல. அவர்கள் செய்த அநியாயம் அநியாயம்தான். அதற்கு நியாயம் கேட்கலாம், தேவைப்பட்டால் பெரியவர்களை வைத்துப் பேசலாம். ஆனால், "இவ ஒழிஞ்சாத்தான் எனக்கு விடுதலை" என்று நினைத்த நிமிஷமே சத்துரு தன் வேலையை முடித்துவிட்டான்.

வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூடையிலிருந்து உருண்டு விழுந்ததாகவும் இருக்கலாம், யாராவது வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டவனை அது என்ன செய்யும்? அதை எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பாருங்கள். பழம் செய்யாத சேதத்தைப் பழத்தினால் வந்த சந்தேகம் செய்துவிடும். "இவதான் போட்டிருப்பா" என்று மனதில் விழுகிற அந்த எண்ணம்தான் அக்கினியாஸ்திரம். அது ஒரு வீட்டில் விழுந்தால் சொந்தபந்தம் முழுவதும் எரிகிறது. கல்யாணத்துக்கும் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை.

3. வாசல் எங்கே திறக்கிறது?

நிருபங்களில் பிசாசைக் குறித்து எச்சரிக்கை வருகிற இடங்களை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நல்ல வேத தியானம். நீங்களே பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

எபேசியர் 4:26–27: பொழுது சாயும் முன்னே ஆறாத கோபம். அங்கே "இடம்" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் தோபொஸ். நிற்பதற்கு ஒரு இடம் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க வைத்திருந்த கோபம் அவனுக்குப் போட்டுக் கொடுத்த பாய்.

2 கொரிந்தியர் 2:10–11: மன்னியாமை. மன்னிக்காவிட்டால் சாத்தான் நம்மை மோசம் பண்ணிவிடுவான் என்கிறார்.

1 கொரிந்தியர் 7:5: புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் விலக்கி வைப்பது. ஜெபத்துக்காகப் பிரிந்திருந்தாலும் சம்மதத்தோடு, கொஞ்சகாலம்தான்.

1 தீமோத்தேயு 3:6: புதிதாய் வந்தவனுக்குச் சீக்கிரமாய்ப் பொறுப்புக் கிடைத்ததால் வருகிற இறுமாப்பு. 5:13–15: வீடு வீடாய்ப் போய்த் தகாததைப் பேசுவது. இந்நாட்களில் வீடு வீடாய்ப் போக வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பே போதும்.

யாக்கோபு 3:14–16: கசப்பான வைராக்கியமும் சண்டையும். அது பேய்த்தனத்துக்கு அடுத்தது என்று அப்போஸ்தலன் பச்சையாய்ச் சொல்லுகிறார்.

1 பேதுரு 5:5–9: பெருமையும், கர்த்தர்மேல் போட்டுவிடாத கவலையும். கெர்ச்சிக்கிற சிங்கம் வருவது இந்த இடத்தில்தான்.

பார்த்தீர்களா? கோபம், மன்னியாமை, தாம்பத்தியம், பெருமை, புறங்கூறுதல், பொறாமை, கவலை! சுடுகாடும் முச்சந்தியும் இந்தப் பட்டியலில் இல்லை. அடுப்படியும் படுக்கையறையும் திண்ணையும் சபை கமிட்டியும்தான் இருக்கின்றன. எபேசியர் 6:12-ல் "போராட்டம்" என்பதற்குப் பவுல் எழுதின கிரேக்கச் சொல் மல்யுத்தத்தைக் குறிக்கும். மல்யுத்தத்தில் எதிராளி தூரத்தில் நிற்பதில்லை, கட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறான்.

4. ஆயுதங்களை வீட்டில் தரித்துக்கொள்ளுங்கள்

பவுல் இதை எழுதும்போது சங்கிலியில் இருந்தார் (6:20). ரோமச் சேவகரை அருகிலிருந்து பார்த்தவர் அவர். ஆனாலும் இந்த ஆயுதங்கள் முதலாவது கர்த்தருடையவை. ஏசாயா 59:17-ல் கர்த்தர்தாமே நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிந்து வருகிறார். தாம் அணிந்ததைத்தான் நமக்கும் கொடுக்கிறார்.

சத்தியம் என்னும் கச்சை: தொங்குகிற அங்கியை இழுத்துக் கட்டாதவன் தன் துணியிலேயே தடுக்கி விழுவான். கடன்காரன் வந்தால், "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறவன் கச்சையை அவிழ்த்துவிட்டான். மனைவிக்குத் தெரியாமல் வாங்கின வட்டிக் கடனும் அப்படியே.

நீதி என்னும் மார்க்கவசம்: கடைக்காரருக்கு எடைக்கல்லில் நீதி, மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பதில் நீதி. மனச்சாட்சி குத்துகிறவனுடைய நெஞ்சு திறந்தே கிடக்கிறது.

பாதரட்சை: ரோமச் சேவகனுடைய செருப்பின் அடியில் இரும்பு ஆணிகள் இருக்கும், வழுக்காது. நம்முடையது சமாதானத்தின் பாதரட்சை. சமாதானம் பேச யார் முதலில் போவது? பாதரட்சை போட்டிருக்கிறவர்தான்.

விசுவாசம் என்னும் கேடகம்: பவுல் சொன்ன கேடகம் கைக்கு அடக்கமான வட்டக் கேடகம் அல்ல. அந்தக் கிரேக்கச் சொல் கதவு என்கிற சொல்லிலிருந்து வந்தது. உடம்பையே மறைக்கிற பெரிய கேடகம் அது. சேவகர் அருகருகே நின்று கேடகங்களைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு சுவர் ஆகிவிடும். "எனக்கு யாரும் வேண்டாம், நானும் ஆண்டவரும் போதும்" என்று சபையை விட்டு ஒதுங்குகிறவன் தன் பக்கத்துக் கேடகத்தை இழந்து போகிறான்.

தலைச்சீரா: 1 தெசலோனிக்கேயர் 5:8-ல் இதை இரட்சிப்பின் நம்பிக்கை என்கிறார். "இனி என்ன இருக்கு, செத்துடலாம்" என்று ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற நினைவுக்கு எதிரான கவசம் இது. அப்படிப்பட்ட நினைவு வந்தால் தனியே இருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே ஒரு ஆளை எழுப்பிச் சொல்லுங்கள். விடிந்ததும் மருத்துவரையும் பாருங்கள்.

ஆவியின் பட்டயம்: வனாந்தரத்தில் நம் ஆண்டவர் மூன்று தரமும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். அவர் வசனத்தை வீசினது பிசாசின்மேல். நாம் வீசுவதோ மருமகள்மேல்! "மனைவி கீழ்ப்படியணும்னு பைபிள்லயே இருக்கு" என்று குத்துகிற கணவன் 1 பேதுரு 3:7-ஐயும் வாசிக்கட்டும். மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபமே தடைபடும் என்று அங்கே இருக்கிறது.

5. எல்லா வியாதியும் பிசாசா?

இதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. மத்தேயு 17-ல் ஒரு பிள்ளையின் வியாதிக்குப் பின்னால் பிசாசு இருந்தது உண்மை. ஆனால் அதே மத்தேயு 4:24-ல் பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு, திமிர்வாதக்காரர் வேறு என்று பிரித்தே எழுதியிருக்கிறார். பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். அதற்காக அவனுக்குப் பிசாசு என்று சொல்லவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அது வேறு மார்க்கத்தாரின் ஊர் என்று நாம் விரல் நீட்ட வேண்டாம். நம்முடைய ஜெபவீடுகளில் ஒருவரும் கட்டப்படாதபடியும் அடிக்கப்படாதபடியும் பார்ப்பது நம் கடமை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடைசெய்கிறது. மார்க்கு 5-ல் சங்கிலி போட்டவர்கள் ஊர் ஜனங்கள். இயேசு வந்தபோது அந்த மனுஷன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான்.

ஆகையால் வலிப்புக்கும் சர்க்கரைக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்ல. ஜெபியுங்கள், சுகம் உண்டு. மாத்திரையை நிறுத்த வேண்டுமானால் அதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

6. இந்த வாரத்துக்கு

(1) நான் யாரைச் சத்துருவாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்? ஒரு பெயரை ஆண்டவர் முன் சொல்லி, ஏழு நாளும் அவர்களுடைய நன்மைக்காக ஜெபியுங்கள்.

(2) மேலே சொன்ன ஏழு வாசல்களில் என் வீட்டில் திறந்து கிடப்பது எது?

(3) பேச்சு நின்றுபோன ஒரு வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும் உங்கள் பக்கத்துக் கதவு பிசாசுக்கு அடைபட்டுப் போகும்.

(4) வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்முன் வீட்டில் ஒப்புரவாகி வாருங்கள். மத்தேயு 5:23–24 சொல்லுகிற ஒழுங்கு இதுவே.

பிரியமானவர்களே, எபேசியர் 6:11 முதல் 14 வரை "நிற்பது" என்கிற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. துரத்திப் பிடி என்று பவுல் சொல்லவில்லை, நில் என்கிறார். ஏனென்றால் வெற்றி சிலுவையில் கிடைத்தாயிற்று (கொலோசெயர் 2:15). கிடைத்த இடத்தை விட்டுக்கொடாமல் நிற்பதே நம் பங்கு. பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. போய்ப் பேசிவிடுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் வீட்டு மனுஷரைச் சத்துருவாகப் பார்த்த கண்களை மாற்றும். கசப்பை எடுத்துப்போடும். எங்கள் வீடுகளில் சத்துருவுக்கு ஒரு அடி இடமும் இல்லாதபடி உம்முடைய சமாதானத்தால் நிரப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே, ஆமென்.