வீல் ஸ்பேசர் மாட்டுவோருக்குச் சில குறிப்புகள்

ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டுதான் வீல் ஸ்பேசர். பெரும்பாலும் வண்டி அகலமாகத் தெரியட்டும் என்ற ஆசையில்தான் மாட்டுகிறார்கள். அகல டயர் உள்பக்கம் உரசுகிறது, பெரிய பிரேக் காலிப்பர் இடிக்கிறது என்பது போன்ற நியாயமான காரணங்களும் உண்டு. எதுவானாலும், சக்கரம் ஹப்பின் மேல் உட்கார வேண்டும். ஸ்டட்டில் தொங்கக் கூடாது. கீழே உள்ளவற்றில் பாதி இதற்காகத்தான்.

1. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் இதைக் கேட்பார். வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

2. ஓட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மாருதி ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி இரண்டிலும் 4 ஸ்டட், 100 மி.மீ. வட்டம்தான். ஆனால் நடுத்துளை ஸ்விஃப்ட்டுக்கு 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1 மி.மீ. சிட்டியின் ஸ்பேசர் ஸ்விஃப்ட்டில் சுலபமாக ஏறிவிடும். ஆனால் ஹப்பைச் சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும், சக்கரம் மையத்தில் நிற்காது. வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் உதறும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. மரையின் இடைவெளியும் வேறு: ஸ்விஃப்ட்டில் 1.25 மி.மீ., சிட்டியில் 1.5 மி.மீ. நட்டை மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு மரையைத் தின்றுவிடும்.

3. ஸ்பேசரில் இரண்டு வகை. 3, 5 மி.மீ. மெல்லிய தகடுகள் பழைய ஸ்டட்டிலேயே செருகப்படும். 15, 20 மி.மீ. தடிமனுள்ளவை பெரும்பாலும் சொந்த ஸ்டட்டோடு வரும். இதில் மெல்லியதுதான் ஆபத்தில்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான் சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. தகடு அதன் உயரத்தைத் தின்றுவிடும், ஸ்டட்டின் நீளத்தையும் குறைத்துவிடும். சக்கரத்தை மாட்டி, நட்டைக் கையால் திருகி, எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 மரை என்றால் சுமார் 10 சுற்று, 1.5 என்றால் 8 சுற்றாவது வேண்டும். குறைந்தால் நீள ஸ்டட் போட வேண்டும். முடியாவிட்டால் அந்த ஸ்பேசர் வேண்டாம்.

4. சொந்த ஸ்டட் உள்ள வகையில் வேறொரு சிக்கல். காரின் பழைய ஸ்டட் முனைகள் ஸ்பேசரைத் தாண்டி வெளியே நீட்டினால் சக்கரம் தட்டையாக உட்காராது. சில அலாய் வீல்களின் பின்புறத்தில் அந்த முனைகள் நுழையக் குழி இருக்கும். இல்லையென்றால் இன்னும் தடித்த ஸ்பேசர்தான் வழி. ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள். அறுத்த பிறகு ஸ்பேசரைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்டட்டே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

5. வார்ப்பு அலுமினியம் வேண்டாம், அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வகையே வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் ஒருபோதும் கூடாது. ஒரே அச்சில் இடமும் வலமும் ஒரே தடிமன் இருக்க வேண்டும்.

6. சமதளம், ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

7. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேயுங்கள். ஒரு துரு மொட்டு இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். நாள் போக அந்த மொட்டு நசுங்கும், நட் தானாகத் தளரும். டிஸ்க்கைப் பிடிக்கும் சிறு திருகின் தலை வெளியே நீட்டுகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

8. ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். வழுக்கும் மரையில் அதே முறுக்கு ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்குத்தான். ஏர் கன்னை அடித்து முடிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

9. 80–100 கி.மீ. ஓடியதும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். சொந்த ஸ்டட் வகையில் ஸ்பேசரைப் பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் அவற்றைச் சோதிக்க முடியும். பலரும் வெளி நட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

10. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து, மட்கார்டு உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

11. முன் சக்கரத்தில் தடித்த ஸ்பேசர் வேண்டாம் என்பேன். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். அலாய் வீலே மாற்றும் எண்ணமிருந்தால் சரியான ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ.-இல்) உள்ளதாக வாங்குங்கள். 45 ஆஃப்செட் வீலோடு 15 மி.மீ. ஸ்பேசர் சேர்ப்பதும், 30 ஆஃப்செட் வீலை நேராக மாட்டுவதும் டயர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை ஒன்றே.

12. ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அது இரும்பு வீலாக இருந்தால் ஸ்பேசரின் மேல் ஒழுங்காக உட்காராமல் போகலாம், அலாய் வீலின் நட்டும் அதற்குப் பொருந்தாமல் போகலாம். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பழைய நட்டுகளையும் அவற்றுக்கான ஸ்பானரையும் டிக்கியிலேயே வைத்திருங்கள்.