கண்ணாடி காட்டும் கை

ஒகேனக்கல் என்றதும் உங்களுக்கு அருவியும் மீன் வறுவலும் எண்ணெய்க் குளியலும் ஞாபகம் வரும். ஊர்க்காரனான எனக்குப் பரிசல்தான் ஞாபகம் வரும். துடுப்பு ஒன்றுதான், ஆனால் சுழலில் அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால் பிழைப்பும் அதோடு போச்சு.

என் பெரியப்பாவுக்கு இடது கை அப்படித்தான் ஆனது. "நல்லா எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்டா" என்று ஊரே சொன்னது. நீவுவது இதமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கோளாறு கையில் இல்லையே! இரத்தக் குழாய் அடைத்தோ வெடித்தோ மூளையின் வலது பக்கத்தில் ஒரு பகுதி கெட்டுப்போனால் இடது கைக்கு உத்தரவு போகாது. நம்ம பாஷையில் சொன்னால், மோட்டார் நன்றாக இருக்கிறது, கன்ட்ரோல் பேனல்தான் எரிந்துவிட்டது. மோட்டாருக்கு மட்டும் கிரீஸ் போட்டு என்ன பயன்?

பேனலைத் தொட ஒரு வழி கண்டவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்: டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கை இறுகி வலிப்பதாகத் தோன்றும். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1990களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. வேறொன்றும் இல்லை, ஒரு சாதாரணக் கண்ணாடி!

அதே முறையைப் பக்கவாதத்துக்கும் சோதித்தார்கள். 1999-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 9 பேர். 4 வாரம் கண்ணாடி, 4 வாரம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கண்ணாடி வாரங்களில்தான் கை அசைவு கூடுதலாகத் தேறியது. 9 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பும், மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் அசைவு மேம்படுகிறது என்றே சொன்னது.

ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்குப் பிடித்த விளக்கம் இது: அசைக்க முயன்று முயன்று தோற்றதில் "இந்தக் கை வராது" என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. கண் மட்டும் "இதோ அசைகிறதே" என்று சாட்சி சொன்னால் அந்தப் பாடம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். வந்தவர் அளவு சொன்னார், நான் செய்தேன். 18 அங்குல நீளம், 14 அங்குல உயரம், 4 மி.மீ. முகம் பார்க்கும் கண்ணாடி. விளிம்பைத் தேய்த்து மழுக்கி, பின்னால் பிளைவுட் ஒட்டி, ஆடாத மரக்கால் வைத்தேன். அக்ரிலிக் வேண்டாம் என்பது என் கட்சி. அது வளைந்தால் கை கோணலாகத் தெரியும், மூளை நம்பாது.

மேஜையில் நெஞ்சுக்கு நேரே கண்ணாடியை நெட்டாக நிறுத்த வேண்டும். வராத கை பின்னால் மறைந்திருக்கும், நல்ல கை முன்னால். மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிம்பம் 'அந்தக் கை' மாதிரி இருக்காது. பார்வை பிம்பத்தில்தான். மெதுவாக விரல் விரிப்பது, மடக்குவது, மணிக்கட்டைத் தூக்குவது. மறைந்த கையாலும் கூடவே முயல வேண்டும். தினம் அரை மணி, வாரம் 5 நாள். தலைசுற்றினாலோ வலித்தாலோ அன்று நிறுத்திவிடலாம். முதல் வாரம் பெரியப்பா, "என்னடா பொம்மை விளையாட்டு" என்று திட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் பரிசல் ஓட்டினாரா? இல்லை. இடது கை டம்ளரைச் சுற்றிப் பிடிக்கிறது, வலது கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். கட்டை விரல் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. கண்ணாடி மட்டுமே செய்த வேலை என்றும் சொல்ல மாட்டேன், வழக்கமான பயிற்சியும் கூடவே நடந்தது. சாயங்காலம் எண்ணெய் நீவுவதையும் அவர் விடவில்லை. அது அவர் இஷ்டம். ஒர்க்‌ஷாப்பில் மிச்சமான பிளைவுட்டில் இரண்டாவது ஸ்டாண்டு தயார், கொஞ்சம் உயரம் கூட்டியிருக்கிறேன். தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால், இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாங்க.