வள்ளத்து மோட்டாரின் ரப்பர் இம்பெல்லர்: எப்போ மாத்தணும்?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல பம்ப் யூனிட் எல்லாரும் படிச்சிருப்போம். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு வெலாசிட்டி ட்ரையாங்கிள் போடுவோம், ரெசிப்ரோகேட்டிங் பம்புக்கு ஸ்லிப் கண்டுபிடிப்போம், ரோட்டரி பம்ப் வந்ததும் "வகைகள்" என்று ஒரே பக்கத்துல முடிச்சிடுவோம். அந்தப் பக்கத்துலகூடப் பெரும்பாலும் இடம் கிடைக்காத ஒரு பம்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்ம திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை மொத்தமே 50 கி.மீ. கூட வராது. ஆனால் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று எந்தக் கரையில் போய் நின்றாலும், அவுட்போர்டு மோட்டார் மாட்டிய பைபர் வள்ளம் ஒவ்வொன்றிலும் இந்த பம்ப் இருக்கும்.

மோட்டாரோட கால் பகுதியில, கியர் பெட்டிக்கு மேலே அது உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு ரப்பர் இம்பெல்லர், பொதுவாக ஆறு இறகு. அது சுற்றுகிற வட்டமான கூட்டுக்கு நடுவில் ஷாஃப்ட் இருக்காது, கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். அதனால ஒரு பக்கம் இறகுகள் மடங்கும், எதிர்ப்பக்கம் நிமிரும். நிமிரும்போது இரண்டு இறகுக்கு நடுவில் இடம் பெரிசாகி கடல் தண்ணியை உள்ளே இழுக்கும். மடங்கும்போது இடம் சுருங்கி தண்ணியை மேலே இன்ஜினுக்குத் தள்ளும். ஃபுல் ஸ்பீடில் தண்ணியோட அழுத்தத்தால் இறகு முனைகள் சுவரை விட்டுக் கொஞ்சம் விலகிடும். அப்போ அது கிட்டத்தட்ட நம்ம சிலபஸ் சென்ட்ரிஃபியூகல் பம்ப் மாதிரி வேலை செய்யும். ஒரே பம்ப், இரண்டு குணம். எனக்கு இதில் பிடிச்ச விஷயமே இதுதான்.

இது நின்னுபோனா என்ன ஆகும்? மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன டூ-ஸ்ட்ரோக் மோட்டார் பலவற்றில் சூடு காட்டும் மீட்டரோ அலாரமோ கிடையாது. பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிற வரைக்கும் ஓட்டுறவருக்குத் தெரியாமலே போகலாம். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், காற்று எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போகிற வள்ளத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் துண்டு அதுக்குக் காரணமாகலாம்.

சரி, எப்போ மாத்தணும்? மேனுவலைத் திறந்தால் மாடலுக்கு மாடல் எண் மாறும். ஆனால் அடிக்கடி கண்ணில் படுகிற கணக்கு இது: வருஷம் ஒரு தடவை திறந்து பார், 300 மணி நேரம் அல்லது 3 வருஷம், எது முதலில் வருதோ அப்போ மாத்து. இந்த இரண்டு எண்ணும் யாருக்கு ஒத்துப்போகும் என்று போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 104 மணி, 3 வருஷத்துக்கு 312. அதாவது ஞாயிற்றுக்கிழமை ஏரியில் உல்லாசமாகப் படகு ஓட்டுறவரோட கணக்கு! தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் மோட்டார் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மாசத்துக்கு 20 நாள் ஓடுது என்று வையுங்க. மாசம் 80 மணி. 300 மணி என்பது நாலு மாசத்துக்குள்ளேயே முடிஞ்சிடும். "போன வருஷம்தானே மாத்தினோம்" என்ற பேச்சுக்கு இங்கே அர்த்தமே இல்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உண்டு. அப்போ பழுது பார்த்துக்கலாம். நாட்டுப்படகுக்கு அந்தக் கட்டாய ஓய்வும் கிடையாது.

300 மணி ரப்பருக்கு எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? இம்பெல்லர் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும், நியூட்ரலில் இருந்தாலும் சுற்றும். நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்றால் 300 மணிக்கு 7.2 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறகும் ஒரு தடவை மடங்கி நிமிரும். மெஷின் டிசைன் வகுப்பில் ஃபெடீக் என்று படிச்சோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. விரிசல் எப்பவும் இறகோட அடிப்பக்கத்தில்தான் தொடங்கும்.

இதுக்கு மேலே நம்ம கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கு: மணல். இங்கே பல ஊர்களில் வள்ளத்தை மணலில் ஏற்றித்தான் வைப்பாங்க. இறக்கும்போதும் ஏற்றும்போதும் அலை உடைகிற இடத்தைத் தாண்டணும். அங்கே தண்ணியோட மணலும் சேர்ந்தே உள்ளே போகும். இறகு முனை தேயும், அடித்தகட்டில் வட்டமாகக் கோடு விழும். தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் மணலோட வண்டலும் சேர்ந்துக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் மக்களை மீட்க மீனவர்களின் படகுகளும் வந்தன. சேறும் சருகும் பிளாஸ்டிக்குமாக இருக்கிற அப்படிப்பட்ட தண்ணியில் ஒரு நாள் ஓடின மோட்டாரை, எத்தனை மணி ஓடிச்சு என்ற கணக்கே பார்க்காம திறந்து பார்த்துடணும்.

வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றுதான்: மோட்டார் பின்னாடி பீச்சியடிக்கிற சின்னத் தண்ணி. அது மெலிஞ்சால் முதல்ல ஒரு மெல்லிய கம்பியை விட்டு அந்த ஓட்டையைக் குத்திப் பாருங்க, உப்போ மணலோ அடைச்சிருக்கலாம். அப்புறமும் மெலிசாக வந்தால் பம்பைத் திறக்கணும். ஆனால் நல்லா பீச்சுது என்பதை மட்டும் நம்பிடாதீங்க. தேய்ஞ்ச இம்பெல்லர்கூட ஓரளவு தண்ணி தள்ளும். முழு வேகத்தில் சுமையோட போகும்போதுதான் பற்றாமப் போகும்.

திறந்ததும் இறகை விரலால் மடக்கி விடுங்க. பழைய இடத்துக்கு வராம வளைஞ்சே நின்றால் மாத்தணும். அடியில் விரிசல், முனையில் பளபளப்பு, ரப்பர் கல் மாதிரி இறுகிப்போனது, இதில் எது இருந்தாலும் மாத்தணும். நடுவில் இருக்கிற உலோக புஷ்ஷையும் சோதிங்க. ரப்பரோட அது ஒட்டியிருக்கிற ஒட்டு விட்டுப்போனால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், இறகு சும்மா நிற்கும். பார்வைக்கு இம்பெல்லர் புதுசு மாதிரியே இருக்கும்! ஆறு இறகில் ஐந்துதான் இருந்தால், ஆறாவதைத் தேடி எடுக்காம மூடாதீங்க. அந்தத் துண்டு மேலே போய்த் தண்ணிப் பாதையை அடைச்சிருந்தால் புது இம்பெல்லர் போட்டும் இன்ஜின் சூடாகும். அடித்தகட்டில் நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவு கோடு இருந்தால் அதையும் மாத்தணும். பழைய இம்பெல்லரைத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டும் வேலை வேண்டாம். ஒரு பக்கமே மடங்கிப் பழகின இறகு எதிர்ப்பக்கம் மடங்கும்போது அடியோட பிளந்துடும்.

இன்னொன்று: கரையில் தண்ணி இல்லாம "ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம்" என்று ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இம்பெல்லருக்கு லூப்ரிகன்ட் அந்தத் தண்ணிதான். அது இல்லாம ஓட்டினால் சில நொடியிலேயே ரப்பர் கருக ஆரம்பிக்கும். பழைய மோட்டார் வாங்குறவங்க, விற்கிறவர் அப்படிக் காட்டினால் புது இம்பெல்லர் செலவையும் விலையில் சேர்த்துக்கோங்க. மோட்டார் காலை டிரம் தண்ணியில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்வதுதான் சரி.

மணிக்கணக்கு எப்படி வைக்கிறது? சின்ன மோட்டாரில் மீட்டர் இருக்காது, ஆனால் எண்ணெய்க் கணக்கு எல்லார் கிட்டயும் இருக்கும். மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்குது என்று ஒரு நாள் அளந்துக்கணும். 4 லிட்டர் என்றால் 300 மணி என்பது 1,200 லிட்டர். மணல் கரைக்கு என் யோசனை, 800 லிட்டரில், அதாவது 200 மணியில் ஒரு தடவை திறந்து பார்ப்பது. உள்ளே இருக்கிற நிலைமையைப் பார்த்து அடுத்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்களுக்கு: கழற்றிப் போட்ட இம்பெல்லர்களை, எத்தனை லிட்டர் ஓடினது என்ற விவரத்தோட, உவரியிலும் புன்னைக்காயலிலும் கேட்டு வாங்குங்க. ஷோர்-ஏ கடினத்தன்மையையும் இறகு எத்தனை டிகிரி வளைஞ்சு நிற்குது என்பதையும் அளந்து, லிட்டருக்கு எதிரே ஒரு கிராஃப் போடுங்க. கடல் மணலுக்கும் ஆற்று முகத்துவார வண்டலுக்கும் கோடு ஒரே மாதிரி வருதா என்று பார்க்க எனக்கும் ஆசை.