வேண்டிய மதிப்பெண்ணைக் கணித்தல்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஊத்தங்கரையைக் கடந்தபின் எதிர்ப்படும் ஊர் சிங்காரப்பேட்டை. தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2004 ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மழையை நம்பி ஏர் பூட்டும் உழவரும், ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்லும் இளைஞரும் இப்பகுதியில் உளர்.

இவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் உழவர்மகள் ஒருத்தி, பர்கூர் அரசு பொறியியற் கல்லூரியில் சேர விழைகின்றாள் என்று கொள்வோம். திருப்புதல் தேர்வு முடிந்த அன்று மாலை தந்தையார், "இன்னும் எத்தனை மதிப்பெண் வேண்டும், அம்மா?" என்று வினவினார். "நிறைய வேண்டும், அப்பா" என்றாள் மகள். நிறைய என்பது அச்சத்தின் சொல்லேயன்றி எண்ணன்று. எண் தெரியாதார்க்கு வழியும் தெரியாது.

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 ஆம் ஆண்டு முதல் நீங்கிற்று. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே சேர்க்கைக்கு அடிப்படையாயின. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 ஆக, 200க்குத் தரவரிசை கணிக்கப்படும். இதனையே மக்கள் 'கட் ஆப்' என வழங்குவர். கணித மதிப்பெண் முழுமையாகவும், மற்றைய இரண்டும் பாதியாகவும் சேரும்.

கணிதத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டிற்கு 10. இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டிற்கு 10.

அம்மாணவி 170ஐ இலக்காகக் கொண்டாள். முதற்கண், கைவரும் என நம்பத்தக்கவற்றை எழுதினாள். கணித அகமதிப்பீடு 10. மற்றைய பாடங்களில் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 28, 28. அடுத்துத் திருப்புதல் தேர்வின் எழுத்து மதிப்பெண்களைச் சேர்த்தாள். கணிதம் 72, இயற்பியல் 52, வேதியியல் 50. ஆகவே மொத்தம் முறையே 82, 80, 78 ஆயின. பின்னிரண்டின் கூட்டுத்தொகை 158. அதில் பாதி 79. 82உடன் 79 சேர 161 ஆயிற்று. குறைவு 9.

இந்த 9ஐ எங்கே ஈட்டுவது? கணிதத்தில் பெறும் ஒரு மதிப்பெண் ஒன்றாகவே நிற்கும். இயற்பியலில் பெறுவது அரையாகும். ஆயினும் ஒரு பாடத்தின்மேலேயே சுமையை ஏற்றுதல் அறிவுடைமையன்று. கணிதத்தில் 5, மற்றைய இரண்டிலும் நந்நான்கு கூட்டினால், 5உம் 2உம் 2உம் சேர்ந்து 9 ஆகும். எனவே எழுத்துத் தேர்வில் அவள் பெற வேண்டுவன கணிதம் 77, இயற்பியல் 56, வேதியியல் 54. மலைபோல் தோன்றிய இலக்கு, பாடந்தோறும் நான்கைந்து மதிப்பெண்களாகச் சுருங்கிற்று.

இத்தகைய கணக்கில் மூன்று எச்சரிக்கைகள் உள. ஒன்று, மறைந்துள்ள விதி. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் 28 பெற்றவன், தேர்ச்சிக்குரிய 35ஐ அடைய எழுத்துத் தேர்வில் 7 போதும் என எண்ணலாகாது. அதில் தனியே 15 பெற்றாக வேண்டும். இரண்டு, கல்லூரியில் இறுதி இடம் கிடைக்கும் மதிப்பெண் ஆண்டுதோறும் மாறும். ஆதலின் சென்ற ஆண்டின் எண்ணுக்குச் சற்று மேலாகவே இலக்கு வைத்தல் வேண்டும். மூன்று, வேண்டிய மதிப்பெண் 70க்கு 75 என வருமாயின், அவ்விலக்கு எட்டாதது என்பதைக் கணக்கே கூறிவிடும். அந்நிலையில் மனம் உடைய வேண்டுவதில்லை. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றுப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியற் கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை 2021 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது.

மறுநாள் தந்தையார் அதே வினாவை எழுப்பினார். "ஒன்பது வேண்டும், அப்பா" என்றாள் மகள். பதில் சிறிதாயிற்று, அச்சமும் சிறிதாயிற்று. ஆனால் கணக்கு வழியைக் காட்டுமேயன்றி, நடந்து தராது. அவள் விளக்கருகே அமர்ந்து கணித நூலைத் திறந்தாள்.