பழுது பார்த்த பின் ஆயில் எஞ்சின் ஓடவில்லையா?

செஞ்சிக் கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் மணிலாவும் முக்கியப் பயிர்கள். பாறையை வெட்டி எடுத்த திறந்த கிணறுகளே பலருக்கும் பாசன ஆதாரம். மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் ஆயில் எஞ்சின்தான் இன்றும் கைகொடுக்கிறது.

மணிலா பூத்து விழுது இறங்கும் தருணத்தில் மேல்மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் விழுது இறங்காது. விழுது இறங்காவிட்டால் காய் இல்லை. அந்த நேரத்தில் எஞ்சின் மக்கர் செய்தால், மெக்கானிக் வரும்வரை காத்திராமல் விவசாயிகள் தாங்களே ஸ்பானரை எடுத்து விடுகிறார்கள். இது தவறல்ல. ஆனால் எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஹேண்டில் போட்டால் எஞ்சின் எழும்புவதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

இந்த நிலையில் பலரும் செய்யும் தவறு, அதுவரை தொடாத பாகங்களையும் கழற்றத் தொடங்குவது. நேற்று வரை ஓடிய எஞ்சின் இன்று ஓடவில்லை என்றால், நேற்று எதைத் திறந்தோமோ அங்கேதான் முதலில் குறையைத் தேட வேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் பிளக் கிடையாது, பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் காணலாம். அதேபோல் சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக அழுத்தினால் டீசல் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் இந்த அடிப்படையில் அமைந்தது. ஆகவே போதிய காற்றழுத்தம், சுத்தமான டீசல், சரியான நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் எஞ்சின் எழும்பியே தீரும். எழும்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று குறைகிறது.

ஹேண்டில் போடுமுன்

பெல்ட்டைக் கழற்றி விட வேண்டும். பம்பின் கிளாண்டு இறுக்கமாக இருந்து எஞ்சினைத் தடுக்கிறதா என்ற சந்தேகம் அதிலேயே தீரும்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டக் கூடாது. சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அப்போது வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எனவே டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, பிளைவீலைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் மேலே சுற்றக் கூடாது.

ஏர் கிளீனர் குழாயையும் பார்க்க வேண்டும். தூசி விழாமல் இருக்க அதில் திணித்த துணியை எடுக்க மறந்துவிடுவது உண்டு. பல நாள் ஓடாத எஞ்சினின் புகைக் குழாயில் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

முதல் சோதனை: காற்றழுத்தம்

டீகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு, பிளைவீலை மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல எஞ்சினில் ஓர் இடத்தில் வில்லை வளைப்பது போல் எதிர்ப்பு தெரியும். விட்டால் வீல் பின்னால் துள்ளும். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் காற்று எங்கோ ஒழுகுகிறது.

அப்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏர் கிளீனர் பக்கம் ‘உஸ்’ என்று கேட்டால் உள்ளிழுக்கும் வால்வில் குறை. புகைக் குழாயில் கேட்டால் புகை வால்வில் குறை. எஞ்சினின் அடிப்பெட்டியில் கேட்டால் பிஸ்டன் ரிங்கில் குறை. ஹெட்டின் ஓரத்திலும் நாசில் அடியிலும் சோப்பு நீர் தடவிச் சுற்றினால், ஒழுகும் இடத்தில் குமிழி வரும்.

வால்வு கிரைண்ட் செய்த எஞ்சினில் பெரும்பாலும் குறை டாப்பெட்டில்தான் இருக்கும். தேய்த்த வால்வு தன் இருக்கையில் சற்று ஆழமாக அமர்கிறது. அதனால் தண்டின் நுனி மேலே வந்து, ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. இடைவெளி அறவே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் புத்தகத்தில் சொல்லிய அளவுக்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஃபில்லர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் எரிகிறது. ஆகவே பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. உள்ளிழுக்கும் வால்வு திறந்து மூடிய பிறகு வரும் மேல்நிலையில்தான் இரண்டு வால்வுகளும் முழுதாக மூடியிருக்கும். அந்த நிலையில் மட்டுமே இடைவெளி வைக்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவர் இறங்கியிருக்க வேண்டும்.

ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு போனால் காஸ்கெட் சரியாக அமராது. எதிரெதிராக, சிறிது சிறிதாக, மூன்று தடவையாக முறுக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: டீசல்

டீசல் லைனைத் திறந்து மூடினால் உள்ளே காற்று புகுந்துவிடும். காற்று நின்றால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறக்காது. காற்றை எடுக்கும் வரிசை இது:

1. டேங்கில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. ஃபில்டரின் காற்று ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் சீராக வந்ததும் மூட வேண்டும்.

3. பிறகு பம்பின் ஸ்குரூவிலும் அதேபோல் செய்ய வேண்டும்.

4. கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, லீவரை ‘ரன்’ நிலையில் வைத்துச் சுற்றி, டீசல் துளித்ததும் முறுக்க வேண்டும்.

இதன் பின் மெதுவாகச் சுற்றினால் நாசிலில் ‘கிரீச்’ என்ற ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்டால் டீசல் உள்ளே போகிறது என்று அறியலாம். கேட்கவில்லை என்றால் ஸ்டாப் லீவர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாசில் அடியிலுள்ள செம்பு வாஷர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கக் கூடாது. பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் போட்டுவிடுவது உண்டு.

மூன்றாம் சோதனை: நேரம்

பம்பைக் கழற்றியிருந்தால், அதன் அடியில் இருந்த மெல்லிய ஷிம் தகடுகள் எத்தனையோ அத்தனையும் திரும்பப் போட்டோமா என்று பார்க்க வேண்டும். தகடு குறைந்தால் டீசல் முந்தி விழும். கூடினால் பிந்தி விழும். டைமிங் கியரைக் கழற்றியிருந்தால் இரு சக்கரங்களின் குறிகளும் நேராகப் பொருந்த வேண்டும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் அடம்பிடிக்கும்.

புகை சொல்லும் சேதி

ஹேண்டில் போடும்போது புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அழுத்தம் அல்லது நேரத்தில் குறை இருக்கிறது. கறுப்புப் புகைக்குக் காற்றுத் தட்டுப்பாடு ஒரு காரணம். நீலப் புகை வந்தால் மசகு ஆயில் எரிகிறது.

எச்சரிக்கை

பம்பை மாட்டும்போது அதன் ராக், கவர்னர் கையோடு சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எஞ்சின் எழும்பாமல் இருக்கலாம். அல்லது எழும்பியதும் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து பிளைவீலே சிதறலாம். பம்பைத் தொட்டவர்கள் முதல் முறை ஓட்டும்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். காற்று நின்றால் எஞ்சினும் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது.

நாசிலை வெளியே எடுத்துப் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் விரலை முன்னே காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஹேண்டில் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்பும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி ஆகியவை ஆகா.

எங்கே நிறுத்துவது?

மூன்று சோதனையும் செய்து குறை தெரியவில்லை என்றால், பம்பின் உள்பாகத்தையும் நாசில் முனையையும் வீட்டில் திறக்கக் கூடாது. அவற்றை அழுத்தக் கருவியில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். செய்த சோதனைகளையும் கண்ட புகையையும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் வேலை பாதியாகும், கூலியும் மிச்சமாகும்.

அடுத்த முறை கழற்றும்போது ஒரு தாம்பாளத்தை அருகில் வைத்து, எடுக்கும் பாகங்களை எடுத்த வரிசையிலேயே அடுக்க வேண்டும். வாஷர், ஷிம் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகலாம். ஆனால் அன்று மாலையே மணிலாவுக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும்.