சுற்றி வரும்போதே அழிக்கலாகாது



சென்ற கார்த்திகை தீபத்துக்கு முன் எங்கள் மண்டியில் ஸ்டாக் எடுத்தோம். தேதி கடந்த சரக்குகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்க, கல்லூரியில் படிக்கும் எங்கள் பேரன் கம்ப்யூட்டரில் சிறு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அது நீக்கியவற்றை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தோம். பத்து நாள் கழித்து, போளூர்க் கடைக்காரர் ஒருவர் தேதி கடந்த மைதா பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இருபது வருட வாடிக்கை. எங்களுக்கு நா எழவில்லை.

கம்ப்யூட்டர் பட்டியலைப் பார்ப்பது கிரிவலம் போலத்தான். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று வரிசையாக எட்டையும் தரிசித்து வருகிறோமே, அப்படி ஒவ்வொரு சரக்காகப் போகும். ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் இதற்குக் கட்டளைச் சொல்லே ‘ஒவ்வொன்றாக’ என்பதுதான். ஒரு நிபந்தனை உள்ளவரை சுற்ற ‘வரை’ என்பார்கள்.

கோளாறு எங்கே? பட்டியலில் சேமியா, ரவை, மைதா, கடலை மாவு, பெருங்காயம் என்று ஐந்து. ரவையும் மைதாவும் தேதி கடந்தவை. இரண்டாம் இடத்து ரவையை நீக்கியதும் மைதா மேலேறி இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரோ அடுத்து மூன்றாம் இடத்துக்குப் போகும். அங்கே இருப்பது கடலை மாவு. மைதாவைப் பார்க்கவேயில்லை! ஜாவா மொழியில் இப்படிச் சுற்றும்போதே கை வைத்தால் பெரும்பாலும் வேலை நின்று பிழை காட்டும். பைத்தானில் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எங்களுடையது பைத்தான்.

கூட்டல் சரியாக இருந்ததே என்றால், இருக்கத்தான் செய்யும். ஐந்தில் ஒன்று நீக்கம், நான்கு மீதி. டேலி பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது.

கடைசிச் சரக்கிலிருந்து முதலாவதை நோக்கி ஓட்டினால் தப்பாது. நீக்கும்போது இடம் மாறுபவை ஏற்கெனவே பார்த்தவைதான். அல்லது முதல் சுற்றில் குறி மட்டும் போட்டு, சுற்று முடிந்தபின் நீக்கலாம். புரோகிராம் தெரியாத நாமும் ஒரு சோதனை செய்யலாம்: அதையே உடனே மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் ஏதாவது சிக்கினால் எழுதியவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

பேரன் இப்போது கீழிருந்துதான் ஓட்டுகிறான். போளூர்க்காரர் மற்ற சரக்கெல்லாம் எங்களிடம் எடுக்கிறார். மைதா மட்டும் வேறிடத்தில்.