சால்வே கரையின் வாத்துகள்

அரியதொரு பறவையினம் அழியும் நிலையை எய்துமானால், அதனைக் காப்பது யார் கடமை? காப்பதனால் நேரும் இழப்பை ஏற்பவர் யார்? ஸ்காட்லாந்தின் தென்கரையிலுள்ள சால்வே கழிமுகத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

அங்குள்ள உவர்ச் சதுப்புகளுக்கு, வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து பார்னக்கிள் வாத்துகள் ஆண்டுதோறும் வருகின்றன. அக்டோபர் வாக்கில் வந்து, இளவேனிலில் திரும்புகின்றன. வெண்முகமும் கருங்கழுத்தும், முதுகிலுள்ள கருவரிகளும், நாய்க்குட்டி குரைப்பதையொத்த குரலும் இவற்றின் அடையாளங்களாம். இரவில் சேற்றுத் திட்டுகளில் தங்கி, பகலில் புல் மேயும்.

1940-களின் இறுதியில், இக்கூட்டத்தில் ஏறத்தாழ 300 வாத்துகளே எஞ்சியிருந்தன. 1954-இல் பிரிட்டனிலும், 1955-இல் ஸ்வால்பார்டிலும் இவற்றைச் சுடுவது தடுக்கப்பட்டது. 1957-இல் கார்லாவெராக் சதுப்பு தேசிய இயற்கைக் காப்பகமாயிற்று.

சட்டத்துடன் கணக்கெடுப்பும் துணைநின்றது. பறவை நோக்குவோர் பல இடங்களில் ஒரே நாளில் நின்று எண்ணினர். பறந்து இடம் மாறிய கூட்டம் இருமுறை கணக்கில் ஏறாதிருக்க இதுவே வழி. காலில் பூட்டிய வளையங்களின் எழுத்துகளைத் தொலைநோக்கியால் படித்து, ஒவ்வொரு பறவையும் ஆண்டுதோறும் மீள்கிறதா என்றும் அறிந்தனர்.

எண்ணிக்கை பல்லாயிரமாகப் பெருகிற்று. அப்போது புதிய இடர் தோன்றியது. கால்நடைகளுக்கென வளர்த்த இளம்புல்லை வாத்துகள் மேய்ந்தன. பறவையைக் காப்பது நாடு முழுவதற்கும் பெருமை. இழப்போ கரையோர உழவர்க்கு மட்டும். இது முறையன்று என உணர்ந்து, வாத்துகளைத் தம் வயலில் மேயவிடும் உழவருக்கு ஒப்பந்தப்படி பணம் வழங்கும் திட்டத்தை அரசு வகுத்தது. இதனால் பறவையும் உழவரும் பகையாகாமல் வாழ வழி பிறந்தது.

எனினும் காவலுக்கு ஓய்வில்லை. 2021-22 குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சலால் இவ்வாத்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. தொடர்ந்து கணக்கெடுத்து வந்தமையாலேயே இழப்பின் அளவு உடனே புலப்பட்டது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கும் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. தத்தம் ஊர் ஏரிக்கு எப்பறவைகள், எத்திங்களில், எத்தனை வருகின்றன என்று ஊராட்சிகள் ஏடொன்றில் குறித்துவருதல் நன்று. பயிரிழப்பு நேருமாயின் அதனையும் அவ்வேட்டிலேயே பதிவு செய்வோம். காக்கும் பொறுப்பு பொதுவெனில், இழப்பும் பொதுவாதலே அறம்.